இருபத்தோராம் நாள்

கறுப்பிக்கு மூன்றாவது சினை ஊசியும் நிற்கவில்லை என்று பேச்சு வந்த கிழமையே எங்கள் பக்கத்தில் அவளுக்குப் பட்டம் கட்டியாயிற்று: மலட்டு மாடு. பட்டம் கட்டியவர்களில் ஒருவர் அடுத்த நாளே ஒரு மாட்டுத் தரகரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தரகர் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார், தொடையை ஒரு தட்டுத் தட்டினார், இறைச்சிக் கணக்கில் ஒரு விலை சொன்னார்.

"பால் வத்துறதுக்கு முந்தியே தள்ளி விட்டுடுங்க டீச்சர். சும்மா நிக்கிற மாட்டுக்கு எத்தனை நாளைக்குப் புல்லு வெட்டுவீங்க?"

யோசிச்சுச் சொல்றேன் என்று அனுப்பிவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற 80 பக்கக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய், கொட்டிலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். 2024 ஜனவரிக் கடைசி அது.

அலுவிகாரையில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கால் ஏக்கர் மிளகு, ஐந்தாறு கொக்கோ மரம், இரண்டு மாடு. செவலை ஜெர்சிக் கலப்பு, நாலு கன்று போட்டவள். கறுப்பி பிரீசியன் கலப்பு, ஒரே ஒரு கன்று. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அநேகமான மாட்டுக்காரர்களின் சொத்து இவ்வளவுதான். இரண்டு மாட்டில் ஒன்று சும்மா நின்றால் பாதித் தொழில் நின்றுபோன மாதிரி.

கொப்பியில் கறுப்பியின் பக்கத்தில் மூன்று தேதிகள் இருந்தன. 2023 நவம்பர் 18, டிசம்பர் 9, 2024 ஜனவரி 21. எண்ணிப் பார்த்தேன். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் 21 நாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் 43.

அந்த 43ஐப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்று சொல்ல வேண்டுமானால் மாட்டின் உடம்புக்குள் ஓடுகிற கணக்கைச் சொல்ல வேண்டும்.

பசு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 18 முதல் 24 நாள் வரைக்கும் முன்பின் இருக்கலாம். சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறமாக ஒரு சிறு கட்டி உண்டாகி, புரொஜெஸ்தரோன் என்ற ஓமோனைச் சுரக்கும். அது சுரக்கிற வரைக்கும் மாடு சாது. காளையைத் திரும்பிப் பார்க்காது. பதினாறு, பதினேழு நாள் வரைக்கும் கருப்பை பொறுத்துப் பார்க்கும். உள்ளே கரு இருப்பதற்கான சைகை வராவிட்டால் கருப்பையே அந்த மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். கரைந்த இரண்டு மூன்று நாளில் மறுபடி பருவம். கரு தங்கிவிட்டால் கட்டி கரையாது, மாடு கத்தாது. மிருக வைத்தியர் சில மாடுகளைப் பருவத்துக்குக் கொண்டுவர ஓர் ஊசி போடுவார். கருப்பை செய்கிற அந்தக் கரைக்கும் வேலையைத்தான் அந்த மருந்து முன்கூட்டிச் செய்கிறது.

ஆகவே 21 நாளில் திரும்பி வந்தால், ஊசி நிற்கவில்லை என்றாலும் மாட்டின் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். 43 என்றால்? அநேகமாக இரண்டு சுற்று. நடுவில் டிசம்பர் கடைசியில் ஒருமுறை கறுப்பி பருவத்துக்கு வந்திருக்கிறாள், வீட்டிலிருந்த ஒருவரும் கவனிக்கவில்லை. இடையில் சினை பிடித்துக் கலைந்திருக்கவும் கூடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் அந்த நாட்களில் வீடு நிறைய விருந்தாளிகள். எனக்கு என் மேல்தான் சந்தேகம்.

21ஐப் பற்றி இன்னொன்று. அது சரியாக மூன்று கிழமை. சனிக்கிழமை கத்துகிற மாடு, கடிகாரம் பிசகாவிட்டால், அடுத்த முறையும் சனிக்கிழமையே கத்தும். கறுப்பியின் முதல் இரண்டு தேதியும் சனி, மூன்றாவது ஞாயிறு. அரசாங்கத்துக்கு லீவு நாளாகப் பார்த்துப் பருவத்துக்கு வருகிற மாடு வாய்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தனியாக ஊசி போட்டுத் தொழில் செய்கிற ஒரு தம்பியின் நம்பரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். அவருக்கும் கல்யாணம், கருமாதி உண்டு.

மாடு கத்துவதைப் பார்க்க எனக்குச் சொல்லித் தந்தவள் என் சித்தி. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் நாங்கள் வளர்ந்த காலம். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முந்தி, இருட்டோடு, சித்தி மாடுகளிடம் போய்ச் சும்மா நிற்பாள். பால் கறக்க இல்லை, பார்க்க. ஒரு மாடு மற்றதன் மேல் தாவினால் நான் தாவுகிற மாட்டைக் காட்டிக் கூச்சல் போடுவேன்.

"ஏறுறது கணக்கில்ல பாப்பா," என்பாள் சித்தி. "ஏற விட்டுட்டு அசையாம நிக்குது பாரு, அதுதான் கணக்கு."

இதைவிடத் துல்லியமாக எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு படிக்கவில்லை. ஏறுகிற மாடு விளையாட்டுக்கும் ஏறும். அசையாமல் நிற்பதுதான் பருவத்தின் உறுதியான அடையாளம். மற்றதெல்லாம் துணைச் சாட்சி: கத்தல், தீனியில் நாட்டமில்லாமை, பால் திடீரென்று ஒரு போத்தல் குறைவது, அடிக்கடி மூத்திரம், வாலடியில் கண்ணாடி நூல் மாதிரித் தொங்கும் கோழை. சில மாடுகள் கத்தவே கத்தாது. ஊமைப் பருவம் என்பார்கள். வெயில் காலத்தில் பருவத்தின் நேரமும் சுருங்கிவிடும், ஆட்டமெல்லாம் இரவுக் குளிர்ச்சியில் நடந்து முடிந்துவிடும்.

இங்கேதான் எங்களைப் போன்ற சின்னப் பண்ணைக்காரருக்குச் சிக்கல். மேய விட நிலமில்லை. வீதியோரத்துக் கினிப் புல்லை வெட்டிவந்து கொட்டிலில் போடுகிறோம். இரண்டு மாடும் நாள் முழுக்க ஒரு முழக் கயிற்றில். ஏற வழியில்லை, நிற்க வழியில்லை. அடையாளம் காட்டுகிற வாயைக் கட்டிவிட்டு, மாடு ஒன்றும் சொல்லவில்லை என்று குறைப்படுகிறோம்.

பருவம் 12 முதல் 18 மணி நேரம். முடிந்து ஏறக்குறைய 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியேறும். அது அரை நாள்கூட உயிரோடு இருக்காது. விந்தணு ஒரு நாள் தாங்கும், ஆனால் உள்ளே போய் ஐந்தாறு மணி நேரம் பதப்பட்டால்தான் முட்டைக்குள் புகும் தகுதி வரும். ஊசியை அவசரப்பட்டுப் போட்டாலும் வீண், ஆறப்போட்டாலும் வீண். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்று இன்றைக்கு உலகம் முழுக்கச் சொல்லுகிற விதி, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் என்பவர் 1940களில் மாடுகளை வைத்துப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. இதில் "கண்டால்" என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். மாட்டுக்குத் தொடங்கிய நேரம் வேறு, நாம் கண்ட நேரம் வேறு.

கொப்பியில் ஜனவரி 21க்குக் கீழே என் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "22 காலை. வாலில் இரத்தம்." மாட்டுக்குப் பருவம் முடிந்த ஒன்றிரண்டு நாளில் கொஞ்சம் இரத்தம் கசிவது சாதாரணம். சினை நிற்கவில்லை என்பதற்கு அது அடையாளம் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். அப்படியில்லை, நின்ற மாட்டுக்கும் வரும். ஆனால் அது ஒரு கடிகாரம். பருவம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு நாள் ஆகிவிட்டது என்று சொல்லும். தம்பி ஊசி போட்டது ஞாயிறு பின்னேரம். திங்கள் காலை இரத்தம் என்றால், கறுப்பி சனிக்கிழமை காலையிலேயே தொடங்கியிருக்கிறாள். நான் சனிக்கிழமை பகல் முழுக்க ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். ஊசி போட்டபோது முட்டை வந்து, போயும் ஆகியிருக்கும்.

மூன்று ஊசியில் ஒன்று பிந்தியது, நடுவில் ஒரு பருவம் கோட்டை விட்டது. மாட்டைத்தான் மலடு என்றோம்.

ஊசி, ஊசி என்கிறோமே தவிர அதில் ஊசியே கிடையாது. தம்பி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிற கலனைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். உள்ளே திரவ நைதரசன், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை. இடுக்கியால் மெல்லிய பிளாஸ்டிக் குழலொன்றை எடுத்து, என் சமையலறைச் சுடுநீரைத் தண்ணீர் கலந்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, அரை நிமிடம் அதில் அமிழ்த்துவார். துடைத்து, நீண்ட உருக்குக் கம்பியில் பொருத்தி, நுனி ஆறிப்போகாமல் சட்டைக்குள் செருகிக்கொள்வார். இடது கையில் தோள்வரை உறை. அந்தக் கை பின்வழியாக உள்ளே போய்க் கருப்பையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். வலது கைக் கம்பி பிறப்பு வழியால் போய்க் கழுத்தைத் தாண்டி, கருப்பையின் வாசலில் அரை மில்லிலீற்றரையோ அதற்கும் குறைவையோ விட்டுவிட்டு வெளியே வரும். எல்லாம் நாலைந்து நிமிடம். கறுப்பி அந்த நேரம் முழுக்கப் புல்லை மென்றுகொண்டிருப்பாள்.

1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பவர் இதை இந்தியாவில் முதலில் செய்தபோது விந்தை எடுத்த கையோடு போட வேண்டியிருந்தது. உறைய வைக்கும் வித்தை 1949இல் இங்கிலாந்தில், போத்தல் லேபல் மாறிப்போனதால் கிளிசரின் கலந்துவிட்ட ஒரு பரிசோதனையிலிருந்து பிறந்தது. இன்றைக்கு எங்களுக்கு வருகிற விந்துக் குழல்களுக்காகக் குண்டசாலையில் ஒரு மத்திய நிலையமே இருக்கிறது. இவ்வளவும் வந்து சேர்கிற கடைசி இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு லீற்றர் பெற்றோலும் வேண்டும். 2022இல் பெற்றோலுக்கு நாங்கள் எல்லோரும் வரிசையில் கிடந்தோமே, அந்த மாதங்களில் செவலை மூன்று பருவம் கத்தி ஓய்ந்தாள். தம்பி போனில், "வர ஆசைதான் டீச்சர், வண்டில டேங்க் காஞ்சு கிடக்கு," என்றார். 63 நாள். கியூஆர் முறை வந்து கொஞ்சம் எண்ணெய் கிடைத்த பிறகுதான் நாலாவதற்கு வந்தார். அந்த வருடம் பாண் விலை, காஸ் விலை எல்லாம் செய்தியில் வந்தன. கன்று பிறக்காமல் போன கணக்கு எந்தச் செய்தியிலும் வரவில்லை.

1990களில் வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை, இலங்கை உட்படப் பல நாடுகளில் ஊசி போட்ட மாடுகளின் பாலை எடுத்துப் புரொஜெஸ்தரோன் அளந்து பார்க்க உதவியது. அணுகுண்டுக்காரருக்கு மாட்டுக் கொட்டிலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்த ஓமோனை அளக்கக் கதிரியக்க முறையைப் பயன்படுத்தினார்கள். இப்படி அளந்த இடங்களிலெல்லாம் தெரியவந்த ஒரு விஷயம், ஊசிக்கென்று நிறுத்திய மாடுகளில் ஒரு பகுதி அன்றைக்குப் பருவத்திலேயே இல்லை என்பது. விந்தையும் ஊசி போடுகிறவரையும் குறை சொல்வதற்கு முன்னால் நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு.

எல்லாக் குறையும் கண்ணில்தான் என்று சொல்லவில்லை. வயிற்றிலும் உண்டு. கன்று ஈன்ற மாட்டுக்கு ஆறு முதல் எட்டாம் கிழமைக்குள் பால் உச்சத்துக்குப் போகும். தீனி எடுக்கிற சக்தி பின்னாலேதான் வரும். இடையில் மாடு தன் சதையைக் கரைத்துப் பால் தருகிறது. அப்போது உடம்பு முதலில் நிறுத்தி வைக்கிற செலவு அடுத்த சினை. விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ண முடிகிற மாட்டுக்கு எத்தனை ஊசி போட்டும் பலனில்லை. மிளகுக் கொடி படர நட்ட கிளிசரியா மரம்தான் எங்களுக்குக் கை கொடுக்கிறது. நிழலைக் குறைக்க அதை எப்படியும் வெட்ட வேண்டும். வெட்டிய குழை புரதம் நிறைந்த தீனி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவான கோ-3 புல் வேலியோரம் நிற்கிறது. தினமும் ஒரு கைப்பிடி தாது உப்பு. புண்ணாக்கு விலையைப் பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 சினைக் கிடேரிகளைக் கப்பலில் இறக்கினார்கள். 20,000 கொண்டுவருவதாகத் திட்டம். நல்ல சாதி, குடம் குடமாகப் பால் என்றார்கள். வாங்கிய பலர் மாடு செத்ததென்றும் மறுபடி சினை பிடிக்கவில்லை என்றும் புலம்பியது 2019இல் அவுஸ்திரேலியச் செய்திகளிலேயே வந்தது. நோய் ஒரு பக்கம், தீனி ஒரு பக்கம் என்று இரண்டு தரப்பும் மாறி மாறிச் சொன்னார்கள். பெரிய மாட்டுக்குப் பெரிய வயிறு. வீதியோரப் புல்லில் அது தன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாலே பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

நோயும் உண்டு. செவலைக்கு மூன்றாம் கன்றின்போது நஞ்சுக்கொடி விழவில்லை. 12 மணி நேரம் தாண்டினால் மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் அதில் கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். இழுத்தால் பாதி அறுந்து உள்ளே அழுகும், கருப்பை புண்ணாகும். அந்த முறை டாக்டர் மருந்து கொடுத்தும் இரண்டு மாதம் கோழை மோர் மாதிரிக் கலங்கலாகவே வந்தது. கலங்கல் கோழை வரும்போது ஊசி போடக்கூடாது. முதலில் புண் ஆற வேண்டும். ஐந்து மாதத்துக்குப் பிறகு சினை கலைந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது புரூசெல்லா கிருமியாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றி விட்டு விட்டுக் காய்ச்சலாக அடிக்கும். கலைந்ததை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைக்க வேண்டும். பச்சைப் பால் குடிப்பதை வீரமாக நினைக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி சொல்லிப் பரவிய கைமருந்தையும் செவலைக்குச் செய்து பார்த்தேன். பருவம் கண்ட நாளிலிருந்து முள்ளங்கி ஐந்து நாள், பிறகு கற்றாழை, முருங்கை இலை, பிரண்டை, மஞ்சளோடு கறிவேப்பிலை ஒவ்வொன்றும் நாலு நாள், வெல்லமும் உப்பும் சேர்த்து. அடுத்த ஊசி நின்றது. அதே மாதம் தாது உப்பும் தொடங்கியிருந்தேன், புண்ணும் ஆறியிருந்தது. எது நிற்கவைத்தது என்று விஞ்ஞான டீச்சராகச் சொல்ல மாட்டேன். பிரண்டைத் துவையலில் எனக்கும் பங்கு கிடைத்தது.

மலடு என்ற சொல்லை நான் எளிதில் வாயில் எடுப்பதில்லை. லயத்தில் அம்மாவின் மாடு ஒருமுறை இரட்டை போட்டது, ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரி வளர்ந்து, வயது வந்தும் பருவத்துக்கே வரவில்லை. சித்திக்குப் பிள்ளை கிடையாது. கன்றைத் தூக்கித் துடைத்தவள் அவள்தான். "அவ கைபட்டதுதான்," என்றாள் லயத்துக் கிழவி ஒருத்தி, சித்தியின் காதில் விழும்படியாகவே. அதற்குப் பிறகு மாடு ஈனுகிற நாளில் சித்தி கிணற்றடிப் பக்கம் போய்விடுவாள். காளையோடு இரட்டையாகப் பிறக்கும் கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அப்படித்தான். வயிற்றுக்குள் இரண்டின் இரத்தக் குழாய்களும் கூடிவிடுவதால் பெண் கன்றின் உறுப்புகள் சரியாக வளர்வதில்லை. சிக்காகோவில் லில்லி என்ற விஞ்ஞானி இதை 1916இல் எழுதிவிட்டார். நான் அதைப் படித்தபோது சித்தி போய் ஏழு வருடம்.

எங்கள் ஊர்க் குகை விகாரைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சத்தில் பிக்குகள் மடிந்து, வாய்வழியாக வந்த திரிபிடகம் அவர்களோடு அழிந்துவிடும் என்ற பயத்தில் இங்கே உட்கார்ந்து ஓலையில் எழுதினார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மாடு எப்போது கத்தியது என்று கேட்டால் "போன போயாவுக்கு முந்தியா பிந்தியா" என்று ஆளாளுக்கு நெற்றியைச் சொறிகிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் வீட்டுக் கலண்டரில் மாட்டுக்கென்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்திருக்கிறார்.

ஜனவரி 21லிருந்து 21 நாள், பெப்ரவரி 11. 9ஆம் தேதி வெள்ளிக்கிழமையிலிருந்தே காலையும் மாலையும் அரை மணி நேரம் இரண்டு மாட்டையும் அவிழ்த்து மிளகுக்குப் பக்கத்து வெளியில் விட்டேன். வெள்ளி ஒன்றுமில்லை. சனி காலை ஒன்றுமில்லை. சனி மாலை ஆறரைக்கு, புல்லைக் கடித்துக்கொண்டிருந்த செவலை திடீரென்று வந்து கறுப்பியின் மேல் ஏறினாள். கறுப்பி அசையவில்லை. முன்னங்காலைக் கொஞ்சம் அகட்டி, சாலையில் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மணி பார்த்தேன், கொப்பியில் எழுதினேன், பிறகுதான் தம்பிக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு ஞாயிறு டீச்சர்."

"தெரியும். காலையில ஏழு மணிக்கு வாங்க. முந்தியும் வேணாம், பிந்தியும் வேணாம்."

ஏழேகாலுக்கு வந்தார். மார்ச் 3 வந்தது, போனது, கறுப்பி கத்தவில்லை. ஏப்ரல் கடைசியில் டாக்டர் கையை விட்டுப் பார்த்து, சாணி பூசிய உறையோடு கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். 280 நாள் கூட்டினால் நவம்பர் 17. மூன்று நாள் பிந்தி, நல்ல மழை இரவில் ஈன்றாள். கொப்பியில் இருப்பது இவ்வளவுதான்: "நவம்பர் 20, இரவு 11.40. காளைக்கன்று. சீம்பால் குடித்தது. நஞ்சு விடிய 4 மணிக்கு முழுசாக விழுந்தது. முதல் பருவம் —" அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.